கரடிக்குத் துணை ஆள்

இலஞ்சி
08.06.2025

அன்புள்ள பேரன் முத்துச்செல்வத்துக்கு,

தாத்தா சுடலையாண்டி சொல்ல, உன் அம்மா உமாராணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் பேசிவிட்டு உன் அம்மா சொல்கிறாள். எனக்கு அது போதவில்லை. போனைக் காதில் வைத்தால் கிணற்றுக்குள் தவளை கத்துவது போல்தான் கேட்கிறது. அதனால் எனக்குக் காகிதத்தில் எழுது. உன் அம்மா எதிரே உட்கார்ந்து உரக்க வாசித்தால், வாயசைவைப் பார்த்து முக்கால்வாசி பிடித்துக்கொள்வேன்.

சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவிப் பக்கம் கார்கள் நிற்க இடம் இல்லையாம். எனக்கு என்ன? இடுப்பில் தகடு வைத்த பிறகு கட்டிலும் டிவியும்தான் என் ஊர். வாசல்படி இறங்கக் கூடாது என்று உன் அப்பன் மகாராஜா உத்தரவு போட்டிருக்கிறான். ஏட்டையா வீட்டில் நானும் ஒரு கைதி.

அவன் இன்னும் உன் படிப்பைக் கேலி பேசுவதை நிறுத்தவில்லை. “வெளையாட்டுல என்னலே மேனேஜ்மெண்டு? பந்து பொறுக்கிப் போடுததுக்கு ஒரு பட்டமா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறான். போலீஸ் தேர்வு ஓட்டத்தில் நீ விழுந்து முழங்கால் ஜவ்வு அறுந்ததை, நீ வேண்டுமென்றே அறுத்துக்கொண்டதாக நினைக்கிறான் போலிருக்கிறது. குற்றாலத்தில் அவன் கூட்டாளி லாட்ஜில் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறான். அறைச் சாவி கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். “மெட்ராசுல தாக்குப்பிடிக்க மாட்டான். ஓடி வருவாம்லா, வந்தா இங்கன ஒக்காரட்டும்” என்கிறான்.

உன் அம்மா அதற்கு எதிர்ப்பாட்டு. குமாரர் கோயிலில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் “எம் மவன் கபடி டீமுக்கு மேனேஜரு” என்கிறாள்.

(மாமா இல்லாததைச் சொல்லுகிறார்கள். நான் பயிற்சி என்றுதான் சொன்னேன். – அம்மா)

பொய். எனக்குக் காதுதான் போயிற்று, வாய் அசைவது தெரியும்.

உனக்கு என்ன வேலை, எங்கே உட்காருகிறாய், உனக்கு மேலே யார், கீழே யார் என்று எழுது. ஆட்டம் டிவியில் வருமாமே. எந்தப் பக்கம் நிற்பாய் என்று சொன்னால் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பெருவிரல் ரேகை வைத்த
சுடலையாண்டி


சென்னை
17.06.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ரேகை அழியாமல் அப்படியே இருந்தது. ஹாஸ்டலில் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள்.

எங்கள் டீமின் பெயர் ‘கரடிப் படை’. சிரிக்காதீர்கள். என்னோடு இன்னும் நான்கு பேர் இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கிறார்கள். கல்லூரிக்கும் டீமுக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதில் ‘முழுமையான அனுபவக் கற்றல்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு பிரிவு. டிக்கெட், வீரர்களின் பயணம், மைதானம், விளம்பரம் என்று சுற்றிச் சுற்றி எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த அட்டவணையை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ரொம்ப அழகான அட்டவணை.

எனக்கு இப்போது ரசிகர் தொடர்புப் பிரிவு. ஆட்டம் பார்க்க வருகிறவர்களைச் சந்தோஷமாக வைத்திருக்க வேண்டும். முக்கியமாகக் குழந்தைகளை. எல்லாரும் வந்து கை கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அம்மா சொன்னது ஒரு வகையில் சரிதான்.

டிவியில் என்னைத் தேட வேண்டாம் தாத்தா. எனக்கு உள்ளே வேலை. வெளியே முகம் தெரியாது.

முழங்கால் பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
செல்வம்


இலஞ்சி
30.06.2025

அன்புள்ள பேரனுக்கு,

ஆட்டம் பார்த்தோம். தேட வேண்டாம் என்று நீ எழுதியதால் இன்னும் கூடுதலாகத் தேடினேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்டவன், காதில் வயர் செருகியவன், ஈரத் துணியோடு ஓடியவன் எல்லாரையும் பார்த்தேன். உன் அம்மாவும் கண் எடுக்கவில்லை. “உள்ள வேலைன்னு சொன்னாம்லா மாமா. தெரிய மாட்டான்” என்றாள்.

கபடி பரவாயில்லை. ஏறிப் போகிறவன் கோட்டைத் தொடாமலே திரும்பி வந்து கைதட்டு வாங்கிக்கொள்கிறான். அதை விடு. எனக்கு அந்தக் கரடி வேஷக்காரனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கரடி என்றால் எனக்குத் தெரியும். பண்பொழி மலையடிவாரத்தில் மாந்தோப்புக் காவல் இருந்த காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நிஜக் கரடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் சோலியைப் பார்த்துப் போகும். இப்படிக் குதிக்காது, முத்தம் பறக்கவிடாது. அது போகட்டும். இவன் நல்ல உயரக்காரன். குதிக்கும்போது சரியாகத்தான் குதிக்கிறான். ஆனால் திரும்பும்போது வலது காலை ஊன்றிவிட்டு, இடது காலைத் தரையில் ஒரு தரம் தேய்த்துத்தான் எடுக்கிறான். இருட்டில் வரப்பில் வருகிறவனை, முகம் பார்க்காமல் நடையை வைத்தே இன்னார் மகன் என்று சொல்கிறவன் நான். உனக்கே தெரியும்.

நான் கவலைப்பட்டது எதற்கென்றால், அவன் பக்கத்தில் துணை ஆள் இல்லை. குலசை தசராவுக்கு நம் தெருவில் வேஷம் கட்டிப் போகிறவர்களை நினைத்துப் பார். மணிமுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் குணமானதற்கு நேர்ந்துகொண்டு கரடி வேஷம் கட்டினான். தெருத் தெருவாக அவன் மச்சினன் கூடவே நடந்தான். கையில் தண்ணீர், தோளில் துண்டு, விசிறி. வேஷம் கட்டியவனுக்குக் கண் தெரியாது, காது கேட்காது, தாகம் என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அதனால் துணை ஆள் இல்லாமல் நம் தெருவில் யாரையும் வேஷம் கட்ட விடுவதில்லை. வேஷத்தில் இருக்கிறவனைப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. தலையைக் கழற்றிய பிறகுதான் பெயர்.

இவ்வளவு பெரிய டீமில் இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையா? நீ அங்கேதானே இருக்கிறாய், சொல். யார் பெற்ற பிள்ளையோ.

(மாமா கரடியைப் பற்றியே ஒரு பக்கம் எழுத வைத்துவிட்டார்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. நிறையத் தண்ணீர் குடி. – அம்மா)

ரேகை,
சுடலையாண்டி


சென்னை
08.07.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

நீங்கள் சொன்னதை அந்தக் கரடிப் பையனிடம் சொன்னேன். “உங்க தாத்தாவுக்குக் கண் நல்லாத் தெரியுது” என்றான். கண்புரை ஆபரேஷன் நடந்தது என்று சொன்னேன்.

அவனும் இன்டர்ன்ஷிப்புக்கு வந்தவன்தான். முதல் நாள், வேலை பிரித்துக் கொடுக்கிற ஆபரேஷன்ஸ் சார் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, யார் உயரம் என்று பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள்.

துணை ஆள் கேட்டுப் பார்த்தானாம். “எல்லாருக்கும் வேலை இருக்கு தம்பி, கரடிக்கு ஒரு அசிஸ்டென்டா?” என்று சிரித்தார்களாம். நடுவில் விட்டுப் போனால் சான்றிதழ் கிடையாது. அது இல்லாமல் கல்லூரியில் அந்தப் பருவம் தேறாது. அக்டோபர் வரை ஓட்ட வேண்டும்.

அவன் வீட்டில் சொல்லவில்லை. அவன் அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். அதனால் நீங்களும் அவனைப் பற்றி எழுத வேண்டாம் தாத்தா. அம்மாவுக்கு வீணாகக் கை வலிக்கும்.

அன்புடன்,
செல்வம்


இலஞ்சி
16.07.2025

செல்வம்,

இதை எழுதுவது உன் அம்மா இல்லை. சைக்கிள் கடை அப்துல் மஜீது. உமா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள், உன் அப்பன் டியூட்டியில். மஜீதை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

(நான் ஆறாவது வரைக்கும் படிச்சவன் தம்பி. உன் தாத்தாவுக்கு இதுவே அதிகம். – மஜீது)

லே, சுற்றிச் சுற்றிப் பேசப் பொறுமை இல்லை. கரடி நீதான். முதல் ஆட்டத்திலேயே தெரியும். உன் அம்மா கையால் அதை எப்படி எழுத வைப்பது என்றுதான் ஊரான் பிள்ளை போலப் பேசினேன்.

வேஷம் போடுவதை நான் குறைவாக நினைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நடந்ததுதான் என்னை உட்கார விடவில்லை. இடைவேளையில் நீ ஆடிக்கொண்டே வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. கூட்டம் அதையும் ஒரு வித்தை என்று நினைத்துக் கைதட்டிற்று. ஒரு சின்னப் பெண் உன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. பிறகு டிவிக்காரன் வேறு பக்கம் திருப்பிவிட்டான். நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். உன் அப்பன் எட்டிப் பார்த்து “கபடிக்கு இந்த வயசுல இந்த ஆவேசம் வேண்டாம்” என்றான்.

உன் அம்மா அந்த நேரத்தில் பால் பொங்குகிறது என்று அடுப்படிக்கு எழுந்து ஓடினாள். வெகுநேரம் வரவில்லை. அன்று பால்காரன் வரவே இல்லை. அவள் எந்தப் பாலைப் பார்க்கப் போனாள் என்று எனக்கு விளங்கவில்லை.

உள்ளது உள்ளபடி எழுது. கடிதத்தை மஜீது கடைக்குப் போடு.

ரேகை,
தாத்தா


சென்னை
25.07.2025

தாத்தா,

மஜீது மாமா, நீங்கள் வாசிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எனக்கு மயக்கம் இல்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு பையன் ரோமத்தைப் பிடித்து இழுத்தான். சட்டென்று திரும்பினேன், அவ்வளவுதான். கத்தினேன். உள்ளேயிருந்து கத்தினால் வெளியே கேட்காது. உள்ளே எனக்கே என் சத்தம் பெரிதாகக் கேட்டது.

கரடியின் வாய் இருக்கிற இடத்தில் ஒரு வலை இருக்கிறது. அது வழியாகத்தான் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவரின் வயிறு மட்டும் தெரியும். இத்தனை வாரமாகக் கபடியில் ஒருவன் ஏறிப்போய்த் திரும்புவதைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. ஜிப் முதுகில், தலையும் அதோடு சேர்த்துத் தைத்தது. நானாகக் கழற்ற முடியாது. யாராவது வந்து திறந்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வீரர்களின் பேருந்தை வழியனுப்ப ஓடிவிடுவார்கள். நான் சாமான் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். துப்புரவு செய்ய வருகிற நாச்சியார் அக்காதான் ஒவ்வொரு தடவையும் திறந்துவிடுவார். “பாவி மக்கா, உன்னைய மறந்துட்டுப் போயிருதாங்களே” என்பார். அவர் நம் பக்கத்து ஆள், ராயகிரி.

சுவரில் ஒட்டிய அட்டவணை அப்படியே இருக்கிறது. அதில் இந்த மாதம் என் பெயருக்கு எதிரே ‘வீரர் பயணம்’ என்று எழுதியிருக்கிறது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கல்லூரியிலிருந்து அகிலாண்டேஸ்வரி மேடம் பார்வையிட வருகிறார். அன்று மட்டும் எனக்கு ஒரு சட்டையும் கழுத்து அட்டையும் தந்து டிக்கெட் கவுன்டரில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். “எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லு, நாங்களும் நல்லதா எழுதித் தர்றோம்” என்றார் சார். மற்ற நான்கு பேரும் வாய் திறக்காதே என்கிறார்கள். ஒருவன் பேசினால் ஐந்து பேரின் சான்றிதழும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

சொன்னால் படிப்பு போகும். படிப்பு போனால் அப்பா. அப்பாவுக்குப் பிறகு குற்றாலத்தில் சாவிக் கொத்து. சொல்லாவிட்டால் அக்டோபர் வரை இந்தத் தலை. யோசித்துப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஜிப் முதுகில்தான் இருக்கிறது தாத்தா.

அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். மேனேஜர் என்று சொன்ன வாயால் அவள் கோயிலில் யார் முகத்தில் விழிப்பாள்?

செல்வம்


இலஞ்சி
03.08.2025

அன்புள்ள பேரனுக்கு,

தாத்தா சொல்ல, உன் அம்மா எழுதுவது. ஆமாம், உன் அம்மாதான். பயப்படாமல் முழுதும் வாசி.

உன் கடிதத்தை மஜீது எனக்கு வாசித்துக் காட்டினார். என் காதுக்கு ஏற்ப வாசிக்க வேண்டுமென்றால் எவ்வளவு சத்தம் வேண்டும் என்று நீயும் யோசிக்கவில்லை, நாங்கள் இரண்டு கிழவர்களும் யோசிக்கவில்லை. ஜன்னலையும் சாத்தவில்லை. உன் அம்மா பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நானும் நம்பினேன்.

முந்தாநாள் நானாகவே உனக்கு எழுத வேண்டும் என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். பழைய வழியிலேயே தொடங்கினேன். “அந்தக் கரடிப் பையனுக்குச் சொல், மேடம் வரும்போது...” என்று சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வாயசைவு எனக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள்:

“கரடி, கரடின்னு எத்தன கடுதாசி எழுதுவேன் மாமா? பேரச் சொல்லுங்க.”

“ஒனக்கு எப்பம்ட்டி தெரியும்?” என்று கேட்டேன்.

“மொத ஆட்டத்துலயே. நீங்க நடையப் பார்த்தீய. அவன் குதிச்சு முடிச்சதும் ரெண்டு கையையும் இடுப்புக்குப் பின்னால கட்டுனாம்லா, ஒண்ணாங்கிளாசுல எங்கிட்ட அடி வாங்கிட்டு நிப்பாம்லா, அப்படி. எங்கிட்ட மறைக்கணும்னு நெனைக்கான், மறைக்கட்டும்னு விட்டேன். நீங்களும் மறைச்சீய. எல்லாரும் சேந்து என்னைய எதுக்குள்ள வச்சுத் தச்சிருக்கீய?”

பால் விஷயம் அப்போதுதான் விளங்கிற்று.

பிறகு அவளே எழுந்துபோய் உன் அப்பனிடம் சொன்னாள். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். “அப்பம் இப்பமே கெளம்பி வரச் சொல்லு, லாட்ஜுல எடம் இருக்கு” என்றான். “அவன் வாரதும் வராததும் அவன் இஷ்டம். லாட்ஜுன்னு இன்னொரு தடவ சொன்னீயன்னா அங்க போயி நீங்க சாவி குடுங்க” என்றாள் உன் அம்மா. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மனம் மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாளாகச் சோற்றுத் தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறான்.

மேடத்திடம் சொல், சொல்லாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் படிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நீ ஒரு பருவம் தோற்றால் தோற்றதுதான், அதை நாங்கள் ஈடு கட்ட முடியாது. ஆனால் வீட்டுக்குப் பயந்து உள்ளே இருக்காதே. வீட்டில் இப்போது எல்லாருக்கும் தெரியும். ஒரு ஜிப்பை உன் அம்மா திறந்துவிட்டாள். மற்றது உன் பாடு.

(இனி நான் எழுதுவது. கோயிலில் ஆனந்தவள்ளி அக்கா கேட்டாள், மகன் எந்த மேனேஜர் என்று. கரடி என்றேன். அவள் பேத்திக்கு அந்தக் கரடியைத்தான் ரொம்பப் பிடிக்குமாம். முழங்காலுக்குப் போடுகிற உறை அனுப்பியிருக்கிறேன். துணை ஆள் இல்லாமல் இனி அதைப் போடாதே செல்வம். – அம்மா)

ரேகை,
சுடலையாண்டி


சென்னை
14.08.2025

அன்புள்ள அம்மாவுக்கும் தாத்தாவுக்கும்,

மேடம் நேற்று வந்தார். எனக்குச் சட்டை கொடுத்தார்கள், கவுன்டரில் நிறுத்தினார்கள். “டிக்கெட் ஸ்கேன் பண்றது எப்படின்னு காட்டு” என்றார் மேடம். “தெரியாது மேடம்” என்றேன். பக்கத்தில் இருந்தவன் என் காலை மிதித்தான். நல்ல வேளை, வலது கால்.

சாமான் அறைக்கு அழைத்துப்போய்க் கரடியைக் காட்டினேன். “இதுதான் மேடம் நான் இருக்கிற டிபார்ட்மென்ட். ஜூன்ல இருந்து.” சார் சிரித்துக்கொண்டே “பையன் ஜோக் அடிக்கிறான்” என்றார். மேடம் சிரிக்கவில்லை. தொங்கிய உடையோடு அந்தத் தலையைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துப் பார்த்தார். சட்டென்று கழற்றிவிட்டார். மூக்குக்கண்ணாடி மேல் ஆவி படிந்திருந்தது.

வெளியே வந்து என்னிடம், “நல்ல இடம்னு இது ஒண்ணுதான் எங்க கையில இருந்துச்சு. அடுத்த வருஷம் உன் ஜூனியர்ஸை நான் எங்கே அனுப்புவேன்?” என்று கேட்டார். அது கேள்வியா, திட்டா என்று தெரியவில்லை. சான்றிதழ் என்னாகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கல்லூரியில் பேச வேண்டும் என்றார். மற்ற நான்கு பேரும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் சாயங்காலம் ஆட்டம் முடியும்வரை மேடம் போகவில்லை. சாமான் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேறு ஆள் கிடைக்கும்வரை கரடி நான்தான். துணை ஆள் தந்தால்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். நாச்சியார் அக்காவின் பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்த நேரத்துக்குத் தனிச் சம்பளமும் கேட்டேன். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இடைவேளையில் மைதானத்திலேயே தலையைக் கழற்றித் தண்ணீர் குடிப்பேன் என்றேன். “குழந்தைங்க பயந்து அழும்” என்றார் சார். அழட்டும், ஒரு வாய் தண்ணீர்தானே.

எங்களுக்கு முன்பே வந்த வேறு கல்லூரி இன்டர்ன் ஒருவன், “ஒரு கரடிக்காக எல்லாத்தையும் கெடுத்துட்டியே” என்றான்.

உறை வந்தது அம்மா, சரியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஏழு மணிக்கு. அப்பா வீட்டில் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள், வராவிட்டால் விடுங்கள். தாத்தாவை டிவி பக்கம் நன்றாக நகர்த்தி உட்கார வை அம்மா. இடைவேளையில் அடுப்படிக்குப் போய்விடாதே. நாச்சியார் அக்கா என் பின்னால் வந்து நின்று ஜிப்பைத் திறப்பார். அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

செல்வம்